தோர்லி கல்லூரி மௌனம் காத்த பருவம்

1934ஆம் ஆண்டு நவம்பரில், நன்றி கூறும் நாளன்று, கோர்வித் கல்லூரிக்கு எதிரான ஆட்டத்தின்போது, களத்தில் பேசப்பட்டதைக் காதால் கேட்கும் தூரத்தில் இருந்தவர்கள் இவர்கள்: கல்லூரித் தலைவர் டாக்டர் ஆம்புரோஸ் டில்லிங், சொற்பொழிவுத் துறைப் பேராசிரியர் லூசியஸ் ஃபார்ன்ஹம், களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் ரூடி கெஸல், நடுவர் திரு. கோரம்; எங்கள் அணித்தலைவன் ஓரின் பாக்கே; என் அண்ணன் மகன் எமரி தோர்லி; நிறுவனர் குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்ட முன்வரிசை பெஞ்சில் நான், லூயிசா தோர்லி. இரண்டு அணிகளின் மற்ற ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். தாங்களும் கேட்டதாக இன்றைக்கு ஊரில் பலர் சொல்கிறார்கள். அவர்கள் அப்போது கடைசி வரிசைகளில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் பெயர் கல்லூரி வாசலில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அதைக் காட்டி நாங்கள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கல்லூரியைக் கட்டிய என் தாத்தா கனெக்டிகட்டிலிருந்து அயோவாவுக்கு மாட்டுவண்டியில் வந்தவர். பிள்ளைகள் நீள்வட்டப் பந்து ஒன்றைக் கையில் அணைத்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுவதைக் கடைசிக் காலத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, இதற்கு ஏன் புட்பால் என்று பெயர் வைத்தார்கள் என்று கேட்டாராம். அதற்குப் பதிலாகக் கல்லூரி அவர் பெயரால் ஒரு மைதானம் கட்டியது.

அந்தக் காலத்து விதி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இப்போது பயிற்சியாளர்கள் களத்தோரம் நின்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அப்போது அது குற்றம். எப்படி ஆடுவது என்பதைக் களத்தில் இருக்கும் பிள்ளைகளே தீர்மானிக்க வேண்டும். குறிப்பாக, க்வார்ட்டர்பேக் என்ற ஒருவன் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து மாற்று ஆட்டக்காரன் உள்ளே போனால், ஒரு சுற்று முடியும்வரை தன் அணியிடம் வாய் திறக்கக் கூடாது. பயிற்சியாளர் அவன் மூலம் ஏதாவது சொல்லியனுப்பிவிடுவார் என்ற பயம். பேசினால் அணிக்குப் பதினைந்து கெஜம் தண்டனை.

இது எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான விதி. எங்கள் கல்லூரிக்கு மட்டும் இது போதவில்லை.

முந்தின வருடம் கோர்வித் கல்லூரி ஒரு புகார் கொடுத்திருந்தது. எங்கள் மாற்று ஆட்டக்காரன் உள்ளே ஓடும்போது முணுமுணுத்தானாம். அவன் கால் சுளுக்கிக் கெட்ட வார்த்தை சொன்னான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கல்லூரித் தேவாலயத்தில் கெட்ட வார்த்தையை ஒப்புக்கொள்வதைவிட முணுமுணுப்பை ஒப்புக்கொள்வது கௌரவமாகப் பட்டது. செப்டம்பரில் கல்லூரி திறந்த அன்று டாக்டர் டில்லிங் மேடையேறினார்.

"மற்ற கல்லூரிகள் வெற்றியைத் தேடட்டும்," என்றார். "அது நமக்குப் பழக்கமில்லாத விஷயம். தோர்லி இனி மௌனத்தைத் தேடும். நம்முடைய மாற்று ஆட்டக்காரன் ஒரு சுற்று மட்டுமல்ல, ஆட்டம் முடியும்வரை பேசமாட்டான். விதி கேட்பதைவிட அதிகமாக நாம் கொடுப்போம். அதற்காகத்தான் இந்த நாடு நம்மைக் கவனிக்கப் போகிறது."

உடனே மௌனக் குழு அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவராகப் பேராசிரியர் ஃபார்ன்ஹமை நியமித்தார்கள். மௌனத்தின் மேன்மை பற்றி அவர் அன்று மாலை பேசியபோது விளக்கு ஏற்றும் நேரம் வந்துவிட்டது. விளக்கை ஏற்றியபின்னும் பேசினார்.

எமரி இதில் மாட்டிக்கொண்டது ரப்பர் ஷூவினால். அவன் அப்போது கடைசி வருட மாணவன். அண்ணன் இறந்தபின் என் வீட்டில் வளர்ந்தவன். ஆள் பெரிய உருவம், நடந்தால் படிக்கட்டு அதிரும், ஆனால் ஒரு பூனையைக்கூட அதட்டியதில்லை. வேதியியல் படித்தான். பக்கத்து மாவட்டத்து உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் வேலை அவனுக்காகக் காத்திருந்தது. பட்டம் வாங்கிக்கொண்டு போனால் சேர்ந்துவிடலாம். வேலை கிடைப்பதே அரிதாகி, அந்தச் சொல்லையே ஜனங்கள் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அந்த வேலைக்குப் பட்டம் வேண்டும், பட்டத்துக்குக் கல்லூரி வேண்டும். எமரிக்குக் கல்லூரியிடம் வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கல்லூரி விடுதியில் அவனுடைய அறைத் தோழன் ஓரின் பாக்கே. நார்வே வம்சத்துப் பண்ணைக்காரர் மகன், அணித்தலைவன், க்வார்ட்டர்பேக், ஓயாத வாய். அன்று மழை. ஓரின் மறந்துபோன ரப்பர் ஷூவைக் கொடுக்க எமரி பயிற்சிக்கூடத்துக்குப் போனான்.

"யார்டா அது, வாசலை அடைச்சுக்கிட்டு நிக்கறது?" என்றார் கெஸல்.

"ஓரினோட ரப்பர் ஷூ, கோச்."

"என்ன எடை இருப்பே?"

எமரி யோசித்தான். எதைக் கேட்டாலும் யோசித்துவிட்டுப் பதில் சொல்வது அவன் வழக்கம்.

"இப்படித்தான் எப்பவுமா?"

அதற்கும் யோசித்தான். கெஸல் அங்கே நின்றிருந்த பேராசிரியர் ஃபார்ன்ஹம் பக்கம் திரும்பினார். "புரொபசர், நீங்க தேடிட்டிருந்த ஆளு இவன்தான். வாய்க்குப் பூட்டே போட வேண்டாம்."

அன்றிரவு என் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது எமரி சொன்னான்: "அத்தை, என்னை டீம்ல சேத்துட்டாங்க."

"உனக்கு ஆடத் தெரியுமா?"

"ஆடச் சொல்லல. பேசாம இருக்கச் சொன்னாங்க."

அது நம் குடும்பத்துக்கு முடியாத காரியமல்ல என்றேன்.

முதல் ஆட்டத்தில் தோற்றோம். இரண்டாம் பாதியில் கெஸல் காதைச் சொறிந்தார். அடுத்த சுற்றில் ஓரின் பந்தைத் தூர எறிந்தான். எங்கள் ஆள் அதைப் பிடித்தும்விட்டான். எங்களுக்கே அது ஆச்சரியம். காது சொறிவதற்கும் பந்து போன தூரத்துக்கும் தொடர்பு உண்டா என்று மௌனக் குழு ஒரு வாரம் கூடிப் பேசியது. முடிவில், இனிமேல் பயிற்சியாளர் சோளக்கதிர் உரிக்கும் தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும், கைகள் மடியில் இருக்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது.

"மூக்குல ஈ உக்காந்தா என்ன பண்றது?" என்று கெஸல் கேட்டார்.

"பொறுத்துக்கணும்," என்றார் ஃபார்ன்ஹம். "ஈ பறந்து போறதும் ஒரு தகவல்தான். அதனால முகத்தையும் ஆட்டாதீங்க."

இரண்டாவது ஆட்டத்தில் கெஸல் கையை அசைக்கவில்லை. ஆனால் பெருமூச்சு விட்டார். மூன்றாவது ஆட்டத்துக்கு அவருடைய நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். அன்றிலிருந்து அவர் களத்துக்கு முதுகைக் காட்டி, பார்வையாளர்களைப் பார்த்தபடி உட்கார்ந்து பயிற்சி கொடுத்தார். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டேன்.

"கஷ்டம் ஒண்ணும் இல்லம்மா. அந்த மூணாவது வரிசைல சிவப்புத் தொப்பி போட்ட அம்மா கண்ண மூடுனா பந்து போச்சு. அந்த அம்மா புருஷன் கண்ண மூடுனா கோல் போச்சு. முன்ன களத்தப் பாத்து எனக்கு வயித்து வலி வரும். இப்ப அவங்களுக்குத்தான்."

பிறகு பாண்டு வாத்தியக்காரர்கள்மேல் சந்தேகம் விழுந்தது. வேகமான பாட்டு ஓடு என்பதற்கும், மெதுவான பாட்டு உதை என்பதற்கும் சைகையாக இருக்கலாம் அல்லவா. எனவே தோத்திரப் பாடல் மட்டும் வாசிக்கலாம் என்றார்கள். "சோர்வுற்றோரே வாருங்கள்" என்ற கருத்துள்ள ஒரு தோத்திரத்தை வாசித்தபோது எமரி களத்துக்குள் அனுப்பப்பட்டான். அந்தப் பாட்டு அழைப்பாகக் கருதப்பட்டுத் தடை செய்யப்பட்டது. கடைசியில் பெரிய முரசுக்காரர் மட்டும் வந்து, முரசை அடிக்காமல், மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பார்வையாளர்களும் தப்பவில்லை. "பிடி", "தள்ளு", "ஓடு" என்று கத்துவது வெளியிலிருந்து ஆலோசனை சொல்வதாகும் என்று டிக்கெட்டின் பின்புறம் அச்சடித்தார்கள். "தோர்லி" என்று மட்டும் கூவலாம். அதையும் ஏற்ற இறக்கம் இல்லாமல் கூவ வேண்டும். நான்காயிரம் பேர் ஒரே சுருதியில் எங்கள் குடும்பப் பெயரைச் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருப்பது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். இறுதிச் சடங்கில்கூட அதைவிட உயிரோடு சொல்வார்கள்.

எமரியின் நிலைமையும் விநோதமாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து அவன் யாரிடமும் பேசக் கூடாது. தனி மேஜையில் ஃபார்ன்ஹமுடன் சாப்பிட வேண்டும். ஃபார்ன்ஹம் பேசுவார், எமரி மாட்டிறைச்சியை வெட்டுவான். அறைக்கு வந்தால் ஓரின் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கேலியை ஆரம்பிப்பான்.

"டேய், உங்கூட இருக்கறது கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்குடா. நான் பேசறேன், நீ சுவரைப் பாக்கறே. சரி, ஒண்ணு மட்டும் சொல்லு, நாளைக்கு நாம ஜெயிப்போமா? தலைய ஆட்டாதே, அதுவும் குத்தம்."

சனிக்கிழமை எமரி களத்துக்குள் போவான். லண்ட் என்ற பையன் மூச்சு வாங்கும்போது அவனுடைய இடத்தில் நிற்பான். எதிரிகள் அவன்மேல் வந்து மோதிவிட்டு மன்னிப்புக் கேட்பார்கள். ஆட்டம் முடிந்ததும் டாக்டர் டில்லிங் அவன் கையைப் பிடித்துக் குலுக்குவார். எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். ஆனால் மாநிலத் தலைநகர் டெமாயினில் ஒரு பத்திரிகை எங்களைப் பற்றித் தலையங்கம் எழுதியது. சிகாகோவிலிருந்து பழைய மாணவர் ஒருவர், வங்கிக்காரர், வந்து விருந்தில் பேசினார். "நான் படிச்சப்பவும் தோத்தோம். இப்பவும் தோக்கறோம். ஆனா இப்ப அதுக்குப் பின்னால ஒரு கொள்கை இருக்கு. அந்தக் காலத்துல எங்ககிட்ட அது இல்ல. வெறுமனே தோத்தோம்." விருந்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்த விருந்தில்தான் டாக்டர் டில்லிங் கடைசி ஆட்டத்தைப் பற்றி அறிவித்தார். புகார் சொன்ன கோர்வித்தையே நன்றி கூறும் நாளில் எங்கள் மைதானத்துக்கு அழைத்திருந்தார். ஏழு கல்லூரித் தலைவர்கள் வருகிறார்கள். "அன்றைக்குத் தோர்லியின் மாற்று ஆட்டக்காரன் ஒரு சொல் பேசினால், அவன் இந்தக் கல்லூரியில் இருக்கமாட்டான். இதை நான் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். அவன் யாராக இருந்தாலும் சரி." யாராக இருந்தாலும் என்றபோது அவர் என்னைப் பார்த்தார். அவன் வேறு யாராகவும் இருக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

ஆட்டத்தன்று காலையிலிருந்தே தரை கல்லாக உறைந்திருந்தது. ஆட்டத்தின் இரண்டாவது கால்பகுதியில் கோர்வித்தின் இரண்டு தடியர்கள் ஓரினைத் தூக்கிப் போட்டார்கள். அவன் தலை தரையில் பட்ட சத்தம் எங்கள் பெஞ்சுவரை கேட்டது. எழுந்து உதறிக்கொண்டு சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். தலை சுற்றி நிற்பது அப்போதெல்லாம் பிள்ளைகளுக்கு வேடிக்கை. வீரம் என்றுகூட நினைத்தார்கள்.

இடைவேளைக்குப் பிறகு வேடிக்கை போதும் என்று எனக்குத் தோன்றியது. ஓரின் உயர்நிலைப் பள்ளியில் ஆடிய ஆட்டமுறைகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினான். அந்தப் பெயர்கள் மற்றவர்களுக்குத் தெரியாது; க்வார்ட்டர்பேக் சொல்வதுதான் சட்டம் என்பதால் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். பிறகு அவன் தன் தோல் தலைக்கவசத்தைக் கழற்றினான். அதன் வாரைப் பிடித்துப் பால் வாளிபோல் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, நடுவர் கோரமிடம் போய் ஏதோ கேட்டான். கோரம் தோளைக் குலுக்கினார்.

நான் எழுந்து நின்றேன். எனக்கு நேரெதிரே, கையுறையோடு, கெஸல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு? உங்க மூஞ்சி இப்படி ஆகி நான் பாத்ததே இல்லயே."

பார்வையாளர் பயிற்சியாளரிடம் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பது டிக்கெட்டில் இருந்தது. நான் டிக்கெட் வாங்குவதில்லை.

"பாக்கே பையனுக்கு மண்டையில அடி. நின்னுக்கிட்டே எங்கேயோ போயிட்டான். இன்னொரு அடி விழறதுக்குள்ள அவனை வெளியில எடுங்க."

கெஸல் திரும்பாமலே எமரியின் முதுகைத் தட்டினார். "போ. ஓரினைக் கூட்டிட்டு வா."

"பயிற்சியாளர் பேசிவிட்டார்," என்றார் ஃபார்ன்ஹம், எதிலோ குறித்துக்கொண்டே.

எமரி ஓடினான். நடுவரிடம் போய் நின்று, குழு சொல்லிக் கொடுத்தபடி, வாய் திறக்காமல் ஓரினைச் சுட்டிக்காட்டினான். ஆனால் பருவம் முழுக்க எமரி வந்தால் வெளியே போகிறவன் லண்ட்தான். ஆகவே லண்ட் பழக்கப்படி நடையைக் கட்டினான். ஓரின் இருந்த இடத்திலேயே இருந்தான். எமரி அவன் கையைப் பிடித்து இழுத்தான், ஓரின் உதறினான்.

"விடுங்க. வேலை கிடக்கு. இருட்டறதுக்குள்ள கறக்கணும், அப்பா வந்துடுவாரு," என்றவன், பையன்கள் பக்கம் திரும்பி, "பந்தை என்கிட்ட குடுங்கடா. நேரா நடுவுல போறேன்," என்றான்.

நடுவில் கோர்வித்தின் அந்த இரண்டு பேரும் தரையில் கை ஊன்றிக் காத்திருந்தார்கள். ஓரினின் தலையில் ஒன்றும் இல்லை. கவசம் கையில் ஆடிக்கொண்டிருந்தது. கோரம் விசிலை வாயில் வைத்தார். எமரி நிமிர்ந்து, தூரத்தில் ஏழு கல்லூரித் தலைவர்கள் உட்கார்ந்திருந்த மேல்வரிசையைப் பார்த்தான். யோசிக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அவன் யோசித்து முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதும் தெரியும்.

மைதானத்தில் நான்காயிரம் பேர் கொள்கைப்படி அமைதியாக இருந்தார்கள்.

"ஓரின்," என்றான் எமரி. "பால் கறந்தாச்சு. நான் கறந்துட்டேன். வா, வீட்டுக்குப் போகலாம்."

ஓரின் அவனைப் பார்த்தான். "எல்லா மாடுமா?"

"எல்லாத்தையும்."

"சரி," என்று ஓரின் கவசத்தை அவனிடம் கொடுத்தான். எமரி அவன் தோளைச் சுற்றிக் கைபோட்டு நடத்திக்கொண்டு வந்தான். அவர்களுக்குப் பின்னால் கோரம் விசில் அடித்து, பதினைந்து கெஜத்தை அளந்து பந்தைப் பின்னால் வைத்தார். அவர் தன் கடமையைச் செய்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கோடு தாண்டியதும் ஓரினின் கால்கள் மடங்கின. அன்றிரவே டெமாயின் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, இன்னொரு இடி பட்டிருந்தால் பையன் பிழைத்திருக்கமாட்டான் என்று அங்கே மருத்துவர் சொன்னார். வசந்தத்தில் எழுந்து நடந்தான்.

ஆட்டத்தில் தோற்றோம்.

திங்கட்கிழமை தேவாலயத்தின் கீழறையில் மௌனக் குழு கூடியது. கல்லூரியின் எந்தக் குழுவிலும் நிறுவனர் குடும்பத்துக்கு ஒரு நாற்காலி உண்டு. உட்காரலாம், பேசும் உரிமை கிடையாது. அந்த விதியை எழுதியவர் என் தாத்தாவே. என் பாட்டியை மனதில் வைத்து எழுதியிருக்க வேண்டும்.

"பாக்கே பிழைத்ததில் கல்லூரி மகிழ்கிறது," என்று தொடங்கினார் டாக்டர் டில்லிங். "ஆனால் அது இந்தக் குழுவின் எல்லைக்குள் வராது. பாக்கே இறந்திருந்தாலும் வராது. நாம் நடுநிலையோடு இருக்க வேண்டும்."

ஃபார்ன்ஹம் எமரியைப் பார்த்தார். "நீ பேசினது என் காதுல விழுந்தது. உச்சரிப்பு சுத்தம். இடைவெளி சரியா விட்டிருந்தே. என் மாணவர்கள்ல ஒருத்தன்கூட அப்படிப் பேசினதில்ல. அதுதான் பிரச்சினை."

பிறகு அவர்கள், வாசல் கல்லில் இருக்கும் பெயரைக் கல்லூரியிலிருந்து வெளியேற்றினால் பத்திரிகைக்காரன் என்ன எழுதுவான் என்று யோசித்தார்கள் போலும். வெளியேற்றாவிட்டால் விருந்தில் எல்லோர் முன்னிலையிலும் சொன்ன வார்த்தை என்ன ஆகும் என்ற கவலையும் இருந்தது. டாக்டர் டில்லிங் தொண்டையைச் செருமினார். அதிலிருந்துதான் அவருக்கு அந்த யோசனை பிறந்தது என்று நினைக்கிறேன்.

"அன்றைக்குக் கடும் குளிர்," என்றார். "குளிரில் ஓடுகிறவனுக்கு இருமல் வருவது இயற்கை. தூரத்தில் இருப்பவர்களுக்கு இருமல் பேச்சுபோல் கேட்கலாம்."

"நீளமான இருமல்," என்றார் ஃபார்ன்ஹம் யோசனையோடு. "ஆனா வரலாம்."

வாக்கெடுத்தார்கள். நவம்பர் கடைசி வியாழக்கிழமை எமரி தோர்லி இருமினான், பேசவில்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. தோர்லி பருவம் முழுவதும் மௌனம் காத்தது. அவன் பட்டத்துக்கு ஆபத்தில்லை. கை குலுக்க டாக்டர் டில்லிங் எழுந்தார்.

எமரி கையை நீட்டவில்லை. யோசித்துக்கொண்டிருந்தான்.

"நான் இருமல, சார்," என்றான்.

"தம்பி, தீர்மானம் ஆயிடுச்சு," என்றார் டாக்டர் டில்லிங்.

"ஆயிருக்கலாம் சார். நான் பேசினேன். ஓரின் கேட்டு, அதுக்குப் பதிலும் சொன்னான். இருமலுக்கு யாரும் பதில் சொல்லமாட்டாங்க."

"உனக்கு வேலை காத்திருக்கு. அதை நினைச்சியா? உன் குடும்பப் பேரை நினைச்சியா?"

எமரி என்னைப் பார்த்தான். அந்த அறையில் எனக்குப் பேச உரிமை இல்லை. என் மடியில் இருந்த அவனுடைய மேல்கோட்டை எடுத்து, பொத்தானைக் கழற்றி, அவன் கை நுழைக்க வசதியாக விரித்துப் பிடித்தேன்.

"நினைச்சேன் சார்," என்றான் அவன், கோட்டுக்குள் கையை விட்டபடி.

அவனை அன்று மாலையே வெளியேற்றினார்கள். களத்தில் பேசியதற்காக அல்ல. களத்தில் அவன் பேசவில்லை என்பது தீர்மானமாகிவிட்டது. மௌனக் குழுவின் முன்னிலையில் அனுமதியின்றிப் பேசியதற்காக. ஆசிரியர் வேலை போயிற்று. வேறு மாநிலத்தில், வேறொரு கல்லூரியில், இரண்டு வருடம் தாமதமாகப் பட்டம் வாங்கினான். அந்தப் பருவத்துக்காகக் கல்லூரியில் ஒரு வெண்கலப் பலகை வைத்தார்கள். திறப்புவிழாவில் ஃபார்ன்ஹம் பேசினார். நான் போகவில்லை.

எமரி தோர்லிக்கு நெஞ்சு பலவீனம், அன்றைய ஆட்டத்தில் இருமல் கண்டு, அதனால் படிப்பை நிறுத்தி உடம்பு தேற அரிசோனாவுக்குப் போனான் என்று ஊரில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எமரி அரிசோனாவுக்குப் போனதே இல்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நெஞ்சு பலவீனம் கிடையாது. அவன் இருமவில்லை. பேசினான்.